புலி படுத்திருக்கும் நிலம்

பாரீயின் புலியை நான் முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கு அடியில் கிடந்த ஒரு கண்காட்சிக் கேட்லாக். அட்டை போயிருந்தது; முன்பக்கங்கள் சிலவும் போயிருந்தன. எடைக்குப் போக வேண்டிய கட்டிலிருந்து உருவித் தந்த கடைக்காரர், நான் அதற்குக் காசு கொடுத்ததில் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது. படத்தின் கீழே நீர்வண்ணம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. வண்ணம்தான் இல்லை. ஒரு பாறை. பாறையை ஒட்டி, அதன் தொடர்ச்சியே போல ஒரு புலி. மேலே தாழ்ந்து இறங்கிய வானம். அந்தப் பாறையை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் கரடு அது. சிறுவயதில் ஆடு மேய்ப்பவர்களோடு ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வெயில் தாழ்ந்தபின் உட்கார்ந்தாலும் சுடும் பாறை. அங்கே புலி கிடையாது. ஆனால் ஒரு புலி வந்தால் இப்படித்தான், இந்த மடிப்பில்தான் படுக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆந்த்வான்-லூயி பாரீ (1795-1875) ஃப்ரெஞ்சுச் சிற்பி. பெயரின் கடைசி நெடிலைக் குறுக்கினால் பறம்புமலைக்காரர் ஆகிவிடுவார். தேர் கொடுக்கும் வசதியில் இவர் ஒருநாளும் இருந்ததில்லை. கலை வரலாற்றுப் புத்தகங்களில் ரொமாண்டிக் காலத்துக்கு ஒதுக்கிய அத்தியாயத்தில், ஜெரிக்கோவும் டெலக்ருவாவும் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு பத்தி இவருக்குக் கிடைக்கும். மிருகங்களைச் செய்கிறவர் என்ற பொருளில் 'அனிமாலியே' என்றொரு சொல் ஃப்ரெஞ்சில் உண்டு. அது ஏளனமாகப் பிறந்த சொல். மனிதனைச் செய்யத் தகுதியில்லாதவன் மிருகத்தைச் செய்கிறான் என்பது அன்றைய அகாதமியின் எண்ணம். மிருகக்காட்சிசாலையின் மைக்கேலாஞ்சலோ என்று கோத்தியே இவரைப் புகழ்ந்தார். அந்தப் புகழிலும் கூண்டு வாசனை போகவில்லை.

இவரது வெண்கலங்களைப் பற்றி நான் முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கவிஞர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; நான் எழுதியதில் எது சரக்கு, எது வெறும் உமி என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள். இரண்டு வாரம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. திருத்தம் ஒன்றும் இல்லை. முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: 'நீங்கள் இவற்றில் ஒன்றையாவது நேரில் பார்த்ததுண்டா?'

பார்த்ததில்லை. பார்க்கும் சாத்தியமும் இல்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு லூவர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. சிற்பத்தைப் புகைப்படத்தில் பார்ப்பது சாப்பாட்டைப் பற்றிக் கடிதத்தில் படிப்பது போலத்தான். சுற்றி வர முடியாது. பின்பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. நண்பர் சொன்னது நியாயம். நான் கட்டுரையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். பிறகு ஒரு வருஷம் எதையுமே எழுதவில்லை. அவர் கேள்வி பாரீயோடு நிற்கவில்லை என்பதுதான் காரணம். நான் எழுதியிருந்த எல்லாவற்றையும் அது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போயிற்று. ரஷ்ய நாவல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஒரு வருஷத்தில் வெண்கலங்களை விட்டுவிட்டு நீர்வண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பால்டிமோரில் இருக்கும் வால்ட்டர்ஸ் மியூசியத்தின் படங்களை வீட்டுக் கணினித் திரையிலேயே பார்க்க முடிகிறது. வண்ணத்தோடு பார்த்தேன். அப்போதுதான் இந்த மனிதர் என்னைப்போலவே ஒரு சிக்கலில் இருந்தவர் என்று புலப்பட்டது. புலியையோ சிங்கத்தையோ அவற்றின் நிலத்தில் பாரீயும் பார்த்ததில்லை.

பாரிஸ் பொற்கொல்லர் ஒருவரின் மகன். சிறுவயதிலேயே உலோகத்தில் செதுக்கும் வேலையில் சேர்ந்தார். 1812-ல் படைக்கு இழுக்கப்பட்டு, அங்கே நில அளவைப் பிரிவில் மேடு பள்ளங்களை மாதிரியாகச் செய்யும் வேலை பார்த்தார். திரும்பி வந்து பொசியோ என்ற சிற்பியிடமும் க்ரோ என்ற ஓவியரிடமும் பயின்றார். 1818-ல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அரசாங்கச் செலவில் ரோமுக்கு அனுப்பும் பரிசுக்குப் பலமுறை முயன்றும் முதல் இடம் கிடைக்கவில்லை. 1823 முதல் ஃபோகோனியே என்ற பொற்கொல்லரின் பட்டறையில் சின்னச் சின்ன மிருக உருவங்களைச் செய்து வயிறு வளர்த்தார். பட்டறைக்கு மிருகம் வேண்டும். மிருகம் பாரிஸில் ஒரே இடத்தில்தான் இருந்தது. ழார்தான் தெ பிளான்த்.

அது மூலிகைத் தோட்டமாகத் தொடங்கி விஞ்ஞானச் சாலையாக ஆன இடம். புரட்சிக்குப் பிறகு, 1793, 1794 வாக்கில், வெர்ஸாயில் அரசன் வளர்த்த மிருகங்களில் மிஞ்சியவற்றைக் கொண்டுவந்து அங்கே மிருகக்காட்சிசாலை தொடங்கினார்கள். உயிரோடு இருக்கும்வரை மக்கள் பார்க்கலாம். செத்தபின் விஞ்ஞானிகள் அறுக்கலாம். குவியே தன் ஒப்பீட்டு உடற்கூற்றியலைக் கட்டியெழுப்பியது இந்த இடத்தில்தான். ஒரு எலும்பைக் கொண்டு முழு மிருகத்தையும் ஊகிக்கலாம், ஏனென்றால் உடலில் எந்த உறுப்பும் மற்றதைச் சாராமல் இல்லை என்பது அவர் கொள்கை. 1827-ல் எகிப்திலிருந்து ஒட்டகச்சிவிங்கி வந்தபோது பாரிஸ் முழுவதும் அங்கே திரண்டது. பாரீ கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பியவர் அல்ல. டெலக்ருவாவும் அவரும் சேர்ந்து கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து வரைந்தார்கள். 1820களின் இறுதியில் அங்கிருந்த சிங்கம் ஒன்று செத்துப்போனது. டெலக்ருவா பாரீக்கு ஒரு சீட்டு அனுப்பினார். சிங்கம் இறந்துவிட்டது, உடனே ஓடி வா என்று. அழுகுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

இந்தச் சீட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு புன்னகையோடு எழுதுகிறார்கள். எனக்கு அதில் துக்கமும் தெரிகிறது. உயிரோடு இருந்த சிங்கத்தின் தோளைத் தொட முடியாது. செத்தபின்தான் தோள் கையில் கிடைக்கிறது. பாரீ நாடாவை எடுத்து அளந்தார். முன்காலின் நீளம், மார்பின் சுற்றளவு, காதுக்கும் கண்ணுக்கும் இடைவெளி. அவர் விட்டுச் சென்ற வரைபடங்களில் கோடுகளுக்கு நடுவே எண்கள் மொய்க்கின்றன. தோலை உரித்தபின் ஒரு படம், தசையை விலக்கியபின் ஒரு படம், வெறும் எலும்பாக ஒரு படம்.

எண் எழுதுவது கலைஞனுக்கு ஆகாத காரியம் என்று நம்மில் ஒரு எண்ணம் உண்டு. நான் நகைக்கடன் பிரிவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துச் சொல்லச் சொல்ல, நான் எழுதுகிறேன். மொத்த எடை, கல் கழிவு, நிகர எடை. ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து அப்போதுதான் கழன்ற சங்கிலி எண்ணாகிப் பைக்குள் போகிறது. மீட்க வருகிறவர்கள் ரசீதைப் பார்ப்பதில்லை. நகையை வாங்கி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, கொக்கிப் பக்கம் இருக்கும் நெளிவை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அந்த நெளிவு என் லெட்ஜரில் இல்லை. ஆனால் லெட்ஜரில் எண் சரியாக இல்லாவிட்டால் நெளிவு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது. பாரீயின் எண்களை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் நெளிவைத் தேடியவர். ஆனால் எடை பார்க்காமல் எதையும் வாங்காதவர்.

இவ்வளவு அளந்தவர் வெண்கலத்தில் செய்தது என்ன? 1831 ஸலோனில், முதலையினத்தைச் சேர்ந்த கேவியலை ஒரு புலி தின்னும் சிற்பத்தை வைத்தார். 1833-ல் பாம்பை மிதிக்கும் சிங்கம். அரசாங்கம் அதை வாங்கி வெண்கலத்தில் வார்த்து, 1836-ல் துய்லரித் தோட்டத்தில் வைத்தது. பிறகு மானை நெரிக்கும் மலைப்பாம்பு, முயலைக் கவ்விய ஜாகுவார் என்று போகிறது. எல்லாம் பல்லும் நகமும். இரண்டு உடல்கள் ஒன்றையொன்று பற்றி இறுகிய முடிச்சுகள். சிற்பத்துக்கு இது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். வெண்கல மிருகத்துக்கு நிலம் கிடையாது. ஒரு சாண் பீடம்தான். காடில்லை, வானமில்லை, தூரமில்லை. அந்தப் பீடத்தில் ஒரு புலி எதையாவது செய்தாக வேண்டும். இன்னொரு மிருகம்தான் அதற்குக் கிடைக்கும் ஒரே உலகம். ஆகவே அதைக் கடிக்கிறது.

நீர்வண்ணத்துக்கு வரும்போது கடி குறைகிறது. சண்டைகள் அங்கும் உண்டு. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தாள்களில் மிருகம் தனியாக இருக்கிறது. படுத்திருக்கிறது, நடக்கிறது, பாறை இடுக்கிலிருந்து எதையோ முகர்கிறது. பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கப்போகிறது என்ற மிரட்டலும் இல்லை. வெண்கலத்தில் ஒரு புலிக்கு இரை வேண்டியிருந்தது. இங்கே அதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருக்கிறது.

நீர்வண்ணம் அன்றைய பாரிஸில் ஆங்கிலேயர் கொண்டுவந்த நாகரிகம். தாளின் வெண்மை தெரியும்படி மெல்லிய கழுவலாகத் தீட்டி, ஈரம் காய்வதற்குள் கையை எடுத்துவிடுவது அதன் அழகு. பாரீயிடம் அந்த லாவகம் இல்லை. அவர் வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றுகிறார். ஒளிபுகாத வண்ணத்தைக் குழைத்து அப்புகிறார். பிறகு தாளைச் சுரண்டுகிறார். சிற்பி கையில் உளி இல்லாமல் உட்கார மாட்டார் போலிருக்கிறது. சுரண்டிய இடத்தில் மயிர் எழும்புகிறது, பாறை சொரசொரக்கிறது. இரண்டுக்கும் ஒரே கை, ஒரே பழுப்பு, ஒரே சாம்பல். புலியின் முதுகு எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்று சில தாள்களில் தேட வேண்டியிருக்கிறது. அச்சில் வண்ணத்தை இழந்தபோதும் அந்தப் படம் என்னை ஏன் நிறுத்தியது என்பது இப்போது விளங்குகிறது. அதன் உயிர் வண்ணத்தில் இல்லை. அது சுமையில் இருந்தது. புலி எவ்வளவு எடையோடு பூமியில் படுத்திருக்கிறது என்பதில். அந்த எடை நாடாவால் அளந்து வந்த எடை.

ஆனால் அந்தப் பூமி எது?

கூண்டில் பூமி கிடையாது. பலகைத் தளமும் வைக்கோலும் கம்பியும்தான். மிருகத்தை அளந்தாகிவிட்டது, அதை வைக்க இடம் வேண்டும். பாரீயின் சமகாலத்தவருக்கு இது பிரச்சினையாகவே இல்லை. ஒரு பனைமரம், கொஞ்சம் மணல், தூரத்தில் ஒரு கோபுரம், கிழக்கு தயார். டெலக்ருவா 1832-ல் மொராக்கோ போய் வந்தார். அவருக்காவது பார்த்த கணக்கு உண்டு. போகாதவர்களும் மணலைத் தாராளமாக இறைத்தார்கள். பாரீ ஆசியாவையோ ஆப்பிரிக்காவையோ பார்த்ததில்லை. அவர் பார்த்த காடு ஃபோந்தேன்ப்ளோ. பாரிஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மணற்கற்பாறைகள் குவிந்து, இடுக்குகளில் புதரும், மேலே ஓக் மரங்களும் நிற்கும் காடு. அதன் விளிம்பில் பார்பிஸோன் என்ற கிராமம். ரூஸோ, மியே முதலிய ஓவியர்கள் கூடிய இடம். பாரீயும் அங்கே போய்த் தங்கினார். அந்தக் காட்டை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். விலங்கே இல்லாமல், வெறும் பாறையும் மரமும் வானமுமாக. விற்பதற்காக அல்ல, அந்த இடத்தைத் தெரிந்துகொள்வதற்காகத் தீட்டியது போல இருக்கின்றன அந்தச் சின்னப் படங்கள். ஒருகாலத்தில் மேடு பள்ளங்களை மாதிரி செய்த கை அல்லவா.

அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் இந்தியப் புலியைக் கொண்டுபோய் படுக்க வைத்தார். ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் யானையையும் அங்கேயே நடக்க விட்டார்.

பூகோளப்படி இது பிழை. இயற்கை விஞ்ஞானி சிரிப்பான். ஆனால் அந்தத் தாள்களைப் பார்க்கும்போது பிழை என்ற உணர்வே வருவதில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பாரீ தனக்குத் தெரிந்த இரண்டைத்தான் சேர்த்தார். மிருகத்தின் உடல் அவருக்குத் தெரியும், கையால் அளந்தது. பாறை அவருக்குத் தெரியும்; காலால் நடந்தது. தெரியாத மூன்றாவதை அவர் நுழைக்கவில்லை. வங்காளக் காட்டை அவர் கற்பனை செய்யவில்லை. கற்பனை பண்ணியிருந்தால் அது நாடகக் கொட்டகைத் திரையாகியிருக்கும். அதன் முன்னால் அளந்து செய்த புலியும் வேஷம் போட்ட ஆளாகியிருக்கும். ரொமாண்டிக்குகளை நாம் கற்பனைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இந்த ரொமாண்டிக்கின் கற்பனை, எதைக் கற்பனை செய்யக்கூடாது என்பதில் இருந்தது.

ரில்கேயைப் படித்தவர்களுக்கு இந்தத் தோட்டம் தெரிந்த இடம். பாரீக்குச் சுமார் எழுபது வருஷங்களுக்குப் பிறகு, 1902 வாக்கில், ரில்கே சிறுத்தையைப் பார்த்துக் கவிதை எழுதியது இதே ழார்தான் தெ பிளான்தில்தான். இருவருக்கும் நடுவில் ரோடான் நிற்கிறார். பாரீ 1854 முதல் அங்கே விலங்குகளை வரையக் கற்றுத்தரும் ஆசிரியராக இருந்தார். இளைஞராக இருந்த ரோடான் கொஞ்சகாலம் அந்த வகுப்புக்குப் போனார். தேய்ந்த கோட்டும் பேசாத வாயுமாக, பள்ளிக்கூட உதவி வாத்தியார் மாதிரி இருந்த மனிதர் யார் என்று அப்போது அவருக்குப் புரியவில்லை. பல காலம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ரோடானைப் பற்றி எழுத வந்து, பிறகு அவரிடமே செயலாளராகவும் இருந்தவர் ரில்கே.

ரில்கேயின் சிறுத்தைக்குக் கம்பிகளைத் தவிர உலகம் இல்லை. நம் தலைமுறைக்கு அந்தக் கவிதை ஏன் உடனே பிடித்துவிடுகிறது என்று எனக்குத் தெரியும். நாமும் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாக நினைப்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. நானே கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து அப்படி நாலைந்து கவிதைகள் எழுதிக் கிழித்திருக்கிறேன். ரில்கே பெரிய கவி. அவர் கம்பியை அளந்து பாடினார். நாம் அவரிடமிருந்து கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாரீ அதே கூண்டின் முன் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாள்களில் ஒரு கம்பிகூட இல்லை. கம்பியைப் பார்க்காமல் விட்டதாக இதைச் சொல்ல முடியாது. ஐம்பது வருஷம் பார்த்திருக்கிறார். அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு பாறையை வைத்தார்.

அவர் வாழ்க்கையில் கம்பிகளுக்குக் குறைவில்லை. ஓர்லியான் இளவரசருக்காக விருந்து மேஜையை அலங்கரிக்க வேட்டைக் காட்சிகளைச் செய்தார். 1837 ஸலோன் நடுவர்கள் அவற்றைத் தள்ளினார்கள். பொற்கொல்லர் வேலையாம், சிற்பம் ஆகாதாம். பொற்கொல்லர் மகனுக்கு இது எங்கே உறைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று வருஷம் அவர் ஸலோன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தானே பட்டறை வைத்து, விலைப்பட்டியல் அச்சடித்து, சின்ன வெண்கலங்களை வார்த்து விற்றார். 1845-ல் எமில் மார்த்தேன் என்ற பங்காளியோடு ஒரு கம்பெனி. 1848 புரட்சியில் எல்லோருக்கும் வியாபாரம் படுத்தது, இவருக்கும் படுத்தது. கடனுக்காக மாதிரிகளும் அச்சுகளும் பங்காளி கைக்குப் போயின. பாரீயின் மிருகங்கள் பாரீ இல்லாமலே வார்க்கப்பட்டு விற்றன. 1857 வாக்கில்தான் அவை திரும்பின.

இதைப் படிக்கும்போது என் தொழில்புத்தி விழித்துக்கொள்கிறது. அடமானச் சொத்தின் ஜாபிதாவை மனதில் எழுதுகிறேன். அச்சுகள், பிளாஸ்டர் மாதிரிகள், வார்த்து முடிக்காதவை. இதில் எதுவும் மிச்சமில்லை. ஜாபிதாவில் வரமுடியாதவை நீர்வண்ணத் தாள்கள்தான். அவற்றுக்கு அச்சு இல்லை. ஒன்றை வைத்து நூறு எடுக்க முடியாது. அவரே ஒரு மிருகத்தை மெல்லிய தாளில் பிரதியெடுத்து இன்னொரு படத்தில் இறக்கியிருக்கிறார். அதே புலி வேறு பாறையில் படுத்திருக்கும். ஆனால் பாறை வேறானதும் புலியும் வேறாகிவிடுகிறது. தாள்களில் பெரும்பாலும் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. எந்த அவமானத்துக்கு முன் எது, எந்தக் கடனுக்குப் பின் எது என்று பிரிக்க வழியில்லை. 1868-ல் அகாதமி கடைசியில் அவரை உறுப்பினராக்கியது. அதற்கு முந்திய நாள் தீட்டியதும் மறுநாள் தீட்டியதும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1875-ல் இறந்தார். மறுவருஷம் பாரிஸில் நடந்த ஏலத்தில் அவரிடம் எஞ்சியிருந்தவை கலைந்து பல கைகளுக்குப் போயின.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வண்டலூர் போனேன். அகழிக்கு அப்பால் ஒரு புலி. அதை அரைமணி நேரம் பார்த்து, பார்த்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதுவது என்று தீர்மானித்திருந்தேன். நண்பரின் பென்சில் வரிக்கு அது ஒரு பதிலாக இருக்கும் என்ற நினைப்பு. புலி சுவரோரம் நடந்தது; திரும்பியது; நடந்தது. நோட்டைத் திறந்தேன். எழுதியதைப் படித்தால் பாதி நான் எங்கோ படித்தது. உக்கிரம் என்று எழுதியிருந்தேன். அங்கே உக்கிரம் ஒன்றும் இல்லை. பின்காலை வைக்கும்போது வலது பக்கம் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, அதை நான் எழுதவில்லை. பக்கத்தில் நின்ற கூட்டம் கையைத் தட்டிக் கூப்பிட்டது. புலி பொருட்படுத்தவில்லை. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அப்பா, அது நம்மள பாக்கவே இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் பார்த்த பாரீயின் தாள்களிலும் மிருகங்கள் நம்மைப் பார்ப்பதில்லை. வெண்கலத்துப் புலிக்கு நாம் சுற்றி நின்று பார்ப்பது தெரியும் என்றுகூடச் சொல்லலாம். தாளில் இருக்கும் புலிக்கு நாம் இல்லை. பாரிஸில் ஒருநாளும் அதற்குக் கிடைக்காத ஒன்றை அவர் கொடுத்திருக்கிறார். வேடிக்கை பார்க்க யாரும் இல்லாத ஒரு இடத்தை. அதைக் கொடுக்க அவரிடம் இருந்தது தன் காலடி நிலம் மட்டுமே. அதையே கொடுத்தார். தேர் கொடுக்க முடியாதவர் என்று முதலில் எழுதியதை இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நேரில் பார்த்ததுண்டா? இல்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போதும் இல்லைதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்ணத்தில் பார்த்தபோது அந்தப் பாறை எங்கள் கரடு அல்ல என்று தெரிந்துவிட்டது. மஞ்சள் கலந்த சாம்பல் நிற மணற்கல். பாசி பிடித்த ஈரம். மழைக்கு நிற்கும் வடக்கத்தி வானம். கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இத்தனை நாள் புலியை எங்கள் ஊர்க் கருங்கல்லில் படுக்க வைத்திருந்தது நான். பாரீ கூண்டிலிருந்து எடுத்துத் தன் காட்டில் வைத்ததை, நான் பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்து என் கரட்டில் வைத்திருக்கிறேன். அவரும் நானும் செய்தது ஒரே காரியம் என்று சொல்லும் அசட்டுத் துணிச்சல் எனக்கு இல்லை. அவர் முதலில் சிங்கத்தின் தோளை அளந்தார். நான் எதையும் அளக்காமல் இடம் மாற்றினேன். நண்பரின் பென்சில் சுட்டியது இதைத்தான் என்று இப்போது படுகிறது. பார்த்தாயா என்ற கேள்விக்குள் அளந்தாயா என்ற கேள்வி இருந்தது. முன்னதற்கு விமான டிக்கெட் வேண்டும். பின்னதற்கு வேண்டாம். கேட்லாகில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் அளக்கலாம். தாளில் புலி எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது, பாறை எவ்வளவு, வானம் எவ்வளவு என்று. நான் எழுதிய முதல் கட்டுரையில் அதுகூட இல்லை. உக்கிரம் இருந்தது.

வேற்று நிலத்துப் பூவோ பறவையோ உரிய நிலமும் பொழுதும் இல்லாமல் இன்னொரு நிலத்தில் வந்து நின்றால், அது வந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ளப்படும் என்று தொல்காப்பியத்தில் ஒரு சலுகை இருக்கிறது. திணைகள் மயங்கலாம், நிலங்கள் ஒன்றாக மயங்குவதில்லை என்று ஒரு வரம்பும் இருக்கிறது. புலியைப் பற்றி அங்கே பேச்சில்லை, பூவும் பறவையும்தான். இடம் மாறி வருவதைத் தடுக்க முடியாது என்பது அந்த இலக்கணக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நிற்கும் நிலம் மட்டும் நிலமாக இருக்க வேண்டும். இரண்டு நிலத்தைப் போட்டுக் குழப்பக் கூடாது. பாரீ குழப்பவில்லை. மரம், கல், வானம் எல்லாம் ஃபோந்தேன்ப்ளோ. அதில் ஒரு புலி வந்து படுத்திருக்கிறது. வந்த நிலத்தினுடையதாக ஆகிவிட்டது.

பழைய கட்டுரையை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். அதை அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை. முதல் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொண்டேன். பென்சில் எழுத்து மங்கத் தொடங்கியிருக்கிறது. மேலே பேனாவால் எழுதிக் காப்பாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி வண்டலூர் போக வேண்டும். அந்த வலது பின்காலில் இருக்கும் இழுப்பைச் சரியாகப் பார்க்க வேண்டும்.